கடலைப்பாலும் காளைக்கன்றும்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சமையல் மேடைமேல் வைத்தாள். தாவரப்பால் எடுக்கிற மெஷின். பார்க்கப் பெரிய ஃபிளாஸ்க் மாதிரி இருக்கும். உள்ளே அடியில் பிளேடு, அதற்குக் கீழே சூடேற்றும் தட்டு. ஊறவைத்த பருப்பையோ தானியத்தையோ போட்டு, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்திவிட்டால் அரைமணி நேரத்தில் அரைத்துக் கொதிக்கவைத்துத் தந்துவிடும். சீனாவில் சோயாப் பாலுக்காக 1990களில் வந்த கருவி இது. இப்போது எல்லா ஊர் அடுப்படிக்கும் வருகிறது. விலை 12,000 ரூபாய் என்று அவள் சொல்லவில்லை, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் பார்த்தேன்.

"இனிமே நம்ம வீட்ல மாட்டுப்பால் வேண்டாம்மா" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம்தான் பல வருடமாகப் பால் வாங்குகிறோம். கணவர் இல்லை. ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. அந்த ஐப்பசியில் அது காளைக்கன்று போட்டது. வழக்கம்போல எங்கள் வீட்டுக்கும் ஒரு சொம்பு சீம்பால் வந்தது. ஏலக்காய் தட்டி, வெல்லம் போட்டு, ஆவியில் வேகவைத்துச் சாப்பிட்டோம். தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த மகள் மாட்டுக் கொட்டாயில் அந்தக் கன்றைப் பார்த்தாள். குட்டைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. அவள் பொங்கலுக்குத் திரும்பி வந்தபோது கன்று இல்லை. காரிமங்கலம் சந்தைக்குப் போய்விட்டது. "கிடாரியா இருந்திருந்தா வச்சிருப்பேன் பாப்பா" என்று அக்கா அவளிடமே சொல்லியிருக்கிறார்.

மகளோடு நான் வாதாடவில்லை. முப்பது வருடம் வகுப்பறையில் சமத்துவம் பேசியவள், ஒரு கன்றுக்குட்டி விஷயத்தில் எதைச் சொல்லி மறுப்பேன்? சரியென்றேன். அந்தச் சரியை யார் சுமந்தார்கள் என்று கவனிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் கேழ்வரகில் ஆரம்பித்தோம். தருமபுரிக்காரிக்கு வேறு எது தோன்றும்? கேழ்வரகுப் பால் எங்களுக்குப் புதிதும் இல்லை. என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து ஏழு பிறந்தபோது என் அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். இரவெல்லாம் ஊறவைத்த கேழ்வரகை ஆட்டுக்கல்லில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, சக்கையை மறுபடி அரைத்து, மறுபடி பிழிந்து, மூன்றாம் பால்வரை எடுத்துத் தெளியவைப்பார். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அடியில் தங்கியதை வெல்லம் போட்டுக் காய்ச்சுவார். மெஷினில் அதையே போட்டேன். ஐந்து நிமிடத்தில் சத்தம் மாறியது. கேழ்வரகின் மாவுச்சத்து சூடு பட்டதும் கட்டிக்கொள்ளும் என்பது களி கிண்டிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும், எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. திறந்து பார்த்தால் அடி பிடித்த கூழ். அம்மா வாய் விட்டுச் சிரித்தார். அதைச் சுரண்டி எடுத்தவரும் அவர்தான்.

நிலக்கடலை ஒத்துவந்தது. 100 கிராம் கடலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இரவே ஊறப்போட்டு, காலையில் தோலை நசுக்கி நீக்கி, அரைத்து, துணியில் வடிகட்டினால் வெள்ளை வெளேரென்று வரும். காபியில் ஊற்றினால் சில நாள் திரிந்துபோகும், காபியின் புளிப்புதான் காரணம். டீக்குப் பரவாயில்லை. லேசாக வறுத்துவிட்டு ஊறவைத்தால் பச்சை வாடை குறைகிறது. சத்து விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 344 மில்லிகிராம் கால்சியம் என்று படித்துவிட்டு, அதன் பாலிலும் அவ்வளவு இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. 100 கிராம் ஒரு லிட்டராகும்போது, வடிகட்டியில் ஒன்றுமே போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 100 மில்லிக்கு 34தான் வரும். பசும்பாலில் அது 120 அளவில் இருக்கிறது. மிச்சமெல்லாம் தண்ணீர். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்பது சின்ன விஷயமும் அல்ல. ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்பேறிய பிள்ளைகள் என் வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வராத நாளில் போர் தண்ணீரில் எடுத்த தாவரப்பாலைக் குழந்தைக்குக் கொடுத்தால், கால்சியத்தைக் குறைத்து ஃபுளோரைடைக் கூட்டிக் கொடுப்பதுதான். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பது பற்றிய பேச்சே வேண்டாம்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். வயது 74. மெஷின் வந்த பிறகு என் வேலை, எழுந்ததும் பொத்தானை அழுத்துவது. இரவு கடலை ஊறப்போடுவது அம்மா. விடிகாலையில் தோல் நீக்குவது அம்மா. வடிகட்டுத் துணியை அலசி, சோப்பு வாடை வராமல் இரண்டு தண்ணீர் விட்டுக் காயப்போடுவது அம்மா. மெஷின் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது. பிளேடுக்கு அடியில் ஒட்டியதை அது கழுவுவதில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அம்மா அதைத் தேய்ப்பதை ஒருநாள் வாசலிலிருந்து பார்த்தேன். "ஆட்டுக்கல்லக் கழுவறது இதவிட லேசும்மா. ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துனா போதும்" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலின் பெயரைத் தமிழில் 'அம்மாவுக்கு இன்னும் கூடுதல் வேலை' என்று சொல்லலாம். வீட்டுக்கு வந்த இயந்திரங்கள் விறகு பிளந்த ஆணின் வேலையையும் எடுபிடி செய்த பிள்ளைகளின் வேலையையும்தான் முதலில் எடுத்துக்கொண்டன, அம்மாவின் வேலை குறையவில்லை, எதிர்பார்ப்புதான் கூடியது என்பது அவர் வாதம். நான் அதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, 'இலவசத்தால் சோம்பேறியாகிறார்கள்' என்று பேசியவர்களில் ஒருவர்கூட அம்மிக்கல் பக்கம் உட்கார்ந்தவர் இல்லை. அம்மாவின் தோள்வலிக்கு அந்த மிக்ஸி செய்ததை எந்தத் தைலமும் செய்யவில்லை. ஆனால் மிக்ஸி வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்னி இரண்டு சட்னியானதும் உண்மை. அம்மி இருந்தவரை "கை வலிக்குது" என்பது ஒரு பதிலாக இருந்தது. மிக்ஸிக்குப் பிறகு அந்தப் பதில் செல்லவில்லை.

தாவரப்பாலில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சட்னி ஆசைக்கு அரைப்பது. இது மனசாட்சிக்கு அரைப்பது. மகளின் மனசாட்சி, என் சம்மதம், அம்மாவின் விரல்கள். முடிவு ஓரிடத்தில் எடுக்கப்படுகிறது, கை இன்னோரிடத்தில் இருக்கிறது.

காந்தியின் சுயசரிதையில் இதற்கு ஒரு இடம் உண்டு. 1912இல் தென்னாப்பிரிக்காவில் அவர் பாலை விட்டார். பின்னாளில் இந்தியாவில் கடுமையாக நோயுற்று, உடம்பு தேறப் பால் வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது விரதம் குறுக்கே நின்றது. பசும்பாலும் எருமைப்பாலும்தானே விரதத்தில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி காட்டியவர் கஸ்தூரிபா. காந்தி ஒத்துக்கொண்டார், பிறகு சத்தியத்தின் உணர்வை மீறிவிட்டோமோ என்று வருந்தியும் எழுதினார். அந்த வருத்தத்தைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய விரதத்துக்கும் அவருடைய உயிருக்கும் நடுவில் சந்து தேடிய பெண்ணின் நிலையைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். விரதம் அவருடையது. அதைப் பராமரிக்கும் வேலை கஸ்தூரிபாவுடையது.

பெண்ணியத்துக்குள்ளேயே பாலைப் பற்றிய வாதம் ஒன்று இருக்கிறது. 1990இல் வந்த தன் நூலில் கேரல் ஆடம்ஸ், பாலும் முட்டையும் பெண் உடலின் இனப்பெருக்கத்தைச் சுரண்டி எடுக்கப்படுபவை என்கிறார். பசு வருடா வருடம் சினையாக்கப்படுகிறது, கன்று பிரிக்கப்படுகிறது, மடி வற்றியதும் விலை பேசப்படுகிறது. பெண்ணுடலைக் கருவியாகப் பார்ப்பதை எதிர்க்கும் பெண், இதை மட்டும் எப்படிக் காணாமல் இருக்கலாம்? நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் ஒரு ஆள் குறைகிறார். பசுவின் பக்கத்தில் இன்னொரு பெண் நிற்கிறார். நாலரை மணிக்கு எழுந்து சாணி அள்ளி, தட்டை நறுக்கி, தவிடும் புண்ணாக்கும் கரைத்து, கறந்து, சொசைட்டிக்குத் தூக்கிப் போகிறவர். பால் மொத்தமும் விலைக்குப் போகிறது. அந்த அக்கா குடிப்பது வரக்காப்பி.

காளைக்கன்று எங்கள் ஊரில் எப்போதும் இப்படி வேண்டாதது ஆகிவிடவில்லை. இந்த மாவட்டத்தின் சொந்த மாடு ஆலம்பாடி. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், பால் கொஞ்சம்தான். அந்தக் காலத்தில் காளைக்கன்று விழுந்தால் வீடு சந்தோஷப்படும். மடியில் முதல் பங்கு கன்றுக்கு, ஏனென்றால் நாளைக்கு ஏர் இழுப்பது அதுதான். டிராக்டர் வந்தது, வெண்மைப் புரட்சியில் கலப்பின மாடு வந்தது, ஏருக்குக் காளை வேண்டாமல் போனது, சொசைட்டிக்குப் பால் வேண்டியிருந்தது. இப்போது ஆலம்பாடி இனத்தைக் காப்பாற்ற இதே மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கிடாரி மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த சினை ஊசியும் வந்துவிட்டது, பத்துக்கு ஒன்பது பெண் கன்றாகப் பிறக்கும் என்கிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றை ஏதோ செய்தது. மாட்டுக் கொட்டாயில் ஆண் வேண்டாம், வீட்டில் பெண் வேண்டாம். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்த நாட்டில், கையடக்க ஸ்கேன் கருவியோடு ஊர் ஊராகப் போனவர்களைப் பிடித்த செய்தி எங்கள் மாவட்டத்திலிருந்து அண்மை ஆண்டுகளிலும் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய கதை இந்நூலைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். சேலம், தருமபுரி என்றாலே ஒரு காலத்தில் மற்ற ஊர்க்காரர்கள் கேட்டது அதைத்தான். கள்ளிப்பால், எருக்கம்பால். அவையும் செடியின் பால்தான். தாவரப்பால் என்றாலே தூய்மை, கருணை என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவளுக்கு அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.

1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001இல் தருமபுரிக்கும் விரிந்தது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றது அரசு. பல உயிர் பிழைத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வாசகம் யாரைப் பார்த்துப் பேசியது? தாயை. மூன்றாவதும் பெண் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட கணவனைப் பார்த்துப் பேசவில்லை. சீர் கேட்கிறவர்களையோ, ஆண் பேருக்குப் போகிற நிலத்தையோ பார்த்தும் பேசவில்லை. எருக்கம்பாலைச் சங்கில் எடுத்தது பெரும்பாலும் பெண்ணின் கைதான். பாட்டியோ மருத்துவச்சியோ சில வேளை தாயோ. முடிவு அந்தக் கையில் பிறந்ததல்ல. தண்டனை வந்தபோது கையைத்தான் தேடி வந்தது. ஒரு குழந்தையின் உயிரையும் ஒரு கன்றின் உயிரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை, யாரும் அப்படிப் படிக்க வேண்டாம். இரண்டிலும் பாவம் ஏறுகிற கையும், கணக்குப் போடுகிற இடமும் வேறு வேறாக இருக்கிற விதத்தைச் சொல்கிறேன்.

பாலை நிறுத்திய நான்காம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தார். "எம் மாட்டுப்பால் சரியில்லையா டீச்சர்? தண்ணி கலந்தேன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. விலங்குரிமை பற்றி நான் படித்த ஒரு வரிகூட அந்தக் கேள்விக்குப் பதிலாக வரவில்லை. பாப்பாவுக்கு அந்தக் கன்று விஷயத்தில் மனசு கஷ்டம் என்று எப்படியோ சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். "கன்னு பாவந்தான் டீச்சர். எனக்குத் தெரியாதா? ராத்திரி கத்துனா எழுந்து போயி தடவிக் குடுக்கறதே நான்தான். அதப் புடிச்சு வண்டில ஏத்துனதும் நான்தான்" என்றார்.

அவர் கணக்கு எனக்குத் தெரியும். நாங்கள் ஒரு லிட்டருக்கு 50 ரூபாய் கொடுத்தோம். 2023 டிசம்பரில் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 38 ரூபாய் ஆக்கியது, அதுவும் கொழுப்பும் சத்தும் சரியாக இருந்தால். எங்களுக்கு ஊற்றிய லிட்டரைச் சொசைட்டிக்குக் கொடுத்தாலும் நாளைக்கு 12 ரூபாய் நட்டம், மாதம் 360. எங்கள் வீட்டின் அறத்துக்கு அவர் கட்டுகிற சந்தா அது. 12,000 ரூபாய் மெஷினைக் கழித்தால் எங்களுக்குச் செலவு என்று எதுவுமில்லை, கடலை விலைதான்.

ஒரு மாதம் பால் வாங்காமலே பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "ஊத்தாத பாலுக்குக் காசு வாங்கறதுக்கு நான் என்ன கையேந்தறவளா?" என்று கேட்டுவிட்டு, அன்று சாயந்திரமே ஒரு லிட்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைக் காய்ச்சி, திக்காக ஒரு காபி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மூன்று மாதமாகக் கடலைப்பால் காபியை ஒரு வார்த்தை பேசாமல் குடித்தவர். பிடிக்கவில்லையா என்று அவரை நான் கேட்டதே இல்லை.

மகளிடம் போனில் சொன்னேன். முதலில் கோபப்பட்டாள். "அப்ப நீங்க ரெண்டு பேரும் நாடகம் போட்டீங்களா?" என்றாள். பிறகு, "மெஷின ஆயா கழுவறாங்கன்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றாள். அதுதான் சரியான கேள்வி. சொல்லியிருந்தால் என் பங்கும் சேர்ந்து வெளியே வந்திருக்கும். பெங்களூரில் அவள் அறையில் அவளே ஊறவைத்து, அவளே வடிகட்டி, அவளே தேய்க்கிறாள். அவள் கொள்கையின் கனம் அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

இப்போது எனக்குக் கடலைப்பால், நானே தோல் நீக்குகிறேன். காலையில் இருபது நிமிடம் போகிறது, பிளேடில் ஒருமுறை விரல் கிழிந்தது. அம்மாவுக்கு அரை லிட்டர் பசும்பால் மறுபடி வருகிறது. கடலைச் சக்கையை வாளியில் சேர்த்துவைத்தால் அக்கா மாட்டுக்கு எடுத்துப் போகிறார். அதற்கு அவர் காசு கொடுக்கப் பார்த்ததில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

மாடு மறுபடி சினை. தையில் கன்று போடும். அந்தப் பெண் கன்று ஊசியைப் போட்டீர்களா என்று கேட்டேன், இல்லை, வழக்கமான ஊசிதான் என்றார். காளைக்கன்றை ஒன்றரை வருடம் வளர்க்கத் தீவனத்துக்கு எவ்வளவு ஆகும் என்று ஒருநாள் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டு முடித்ததும் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

"அப்ப இந்தத் தடவ காளையா பொறந்தா நீங்க ஓட்டிக்கிட்டுப் போறீங்களா டீச்சர்?"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் இருக்கிறது. ஒரு முருங்கை மரமும் துணி காயப்போடும் கொடியும் அதில் உண்டு. அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இது புரட்டாசி.